நாலரை லட்சம் கொடுத்தாலும் ஏஜெண்டால் வாங்க முடியாத கடிதம்

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் வீட்டிலிருந்தே ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறேன். மாதம் 2,10,000 ரூபாய் வருகிறது. ரிமோட் விசாவில் போர்ச்சுகல் போனால் ஐந்து வருடத்தில் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே கிடைக்கும் என்கிறார் திருச்சியில் ஓர் ஏஜெண்ட். நாலரை லட்சம் கேட்கிறார். சம்பளம் போதாதே என்றால் “அதைச் சரி பண்ணிக்கலாம்” என்கிறார். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கல்யாணமாகி நான்கு மாதம் ஆகிறது; மனைவியையும் அழைத்துப் போக வேண்டும். கல்யாணத்துக்குச் சான்றாக இரு வீட்டாரும் எழுதிக்கொண்ட இசைகுடிமானம் மட்டும்தான் கையில் இருக்கிறது. அது போதுமா?

பதில்: முதலில் அந்த ஐம்பதாயிரம். திருப்பிக் கேளுங்கள். போனில் கேட்காமல் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், நாளைக்கு ஒரு சாட்சியாவது மிஞ்சும். மீதி நாலு லட்சத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

போர்ச்சுகலில் அப்படி ஒரு விசா இருப்பது நிஜம். டி8 என்று பெயர். 2022 அக்டோபர் கடைசியில் தொடங்கியது. அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப்போல் நான்கு மடங்கு உங்களுக்கு வருமானம் வர வேண்டும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 870 யூரோ; நான்கு மடங்கு என்றால் 3,480. நம் பணத்தில் ஏறக்குறைய மூன்றரை லட்சம், அதுவும் மாதா மாதம். உங்களுக்கு வருவது 2,10,000. பேச்சு இதோடு முடிந்துவிட வேண்டும். ஏஜெண்ட் முடிக்க விடமாட்டார்.

“சரி பண்ணுவது” என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வங்கிக் கணக்கில் யாரோ மூன்று மாதம் பணத்தைப் போட்டு எடுப்பார்கள். அல்லது சம்பளச் சீட்டையே புதிதாக அடித்துக் கொடுப்பார்கள். இப்படித் தயாரான ஃபைல் ஒன்றை ஒரு பையன் என்னிடம் கொண்டுவந்தான். சம்பளச் சீட்டில் 3,60,000 என்று இருந்தது, முத்திரைகூட அழகாக விழுந்திருந்தது. பின்னாலேயே செருகியிருந்த ஃபார்ம் 16-ஐ, அதாவது சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்றை, மாற்றத்தான் அந்த ஏஜெண்ட் மறந்துவிட்டார். அதில் பாதிச் சம்பளம்தான் இருந்தது! நான் கண்டுபிடித்ததை விசா அதிகாரி கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. ஏஜெண்டின் பெயர் அதில் எங்கேயும் இருக்காது.

சம்பளம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டி8-இல் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு வருடம் தங்கிவிட்டு வருவது. இன்னொன்றுதான் தங்கும் அட்டைக்குக் கொண்டுபோய் விடுவது. அதற்கு நான்கு மாத விசாவில் உள்ளே போய், அங்கே நேர்முகம் முடித்து, அட்டை வாங்க வேண்டும். ஏஜெண்டுகள் இரண்டையும் ‘ரெசிடென்சி’ என்றுதான் விற்கிறார்கள். அந்த அட்டையைத் தரும் அலுவலகத்தின் நிலைமையையும் சொல்கிறேன். 2023 அக்டோபர் 29 அன்று பழைய குடிவரவுத் துறையை மூடி, அய்மா என்ற புதிய அமைப்பைத் திறந்தார்கள். தேங்கிக் கிடந்த சுமார் நாலு லட்சம் விண்ணப்பங்களும் அப்படியே அதன் தலையில் இறங்கின. வாருங்கள் என்று சட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, வந்தவனை உட்காரவைத்துப் பேச நாற்காலி போடத் தெரியவில்லை. நம் ஊர் தாலுகா ஆபீஸைத் திட்டுகிறவர்கள் லிஸ்பன் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த ‘ஐந்து வருடம்’ பற்றி. இந்தியர்களுக்கு அதைப் பத்தாக்கும் திருத்தத்துக்கு 2025 அக்டோபரில் அவர்கள் நாடாளுமன்றம் வாக்களித்தது. ஏஜெண்டின் நோட்டீஸில் அந்தப் பேச்சே இருக்காது. அந்தப் பாஸ்போர்ட் கைக்கு வந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும் என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, உங்கள் சம்பளத்துக்கு எது நடக்கும்? துபாயின் ரிமோட் விசாவுக்கு மாதம் 3,500 டாலர் வேண்டும், ஆகாது. டிஇ ரந்தாவ் என்ற மலேசியாவின் ரிமோட் விசா நடக்கும். மென்பொருள் மாதிரித் தொழில்நுட்ப வேலையில் இருப்பவருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர் போதும், நீங்கள் தாண்டிவிடுகிறீர்கள். கட்டணம் உங்களுக்கு 1,000 ரிங்கிட், மனைவிக்கு 500. ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம். நாலரை லட்சத்தை இந்த முப்பதாயிரம் சொச்சத்தோடு வைத்துப் பாருங்கள். ஆனால் இது குடியுரிமைக்கு வழி இல்லை. 12 மாதம், புதுப்பித்தால் இன்னொரு 12. அந்தக் காலத்தில் பினாங்குக்குக் கொண்டுவிக்க (வட்டித் தொழில் பார்க்க) போன அடுத்தாளுக்குக்கூட (உதவி ஏஜெண்டுக்குக்கூட) மூன்று வருடக் கணக்கு உண்டு, உங்களுக்கு இரண்டுதான்.

மலேசியாவுக்கு விசா இல்லாமல் 30 நாள் போகலாமே, லேப்டாப்பைத் திறந்தால் யாருக்குத் தெரியும் என்பார்கள். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு அந்தச் சலுகை இருக்கிறது, சுற்றிப் பார்க்க. 30 நாளுக்கு ஒரு தடவை எல்லை தாண்டித் திரும்புவதைக் குடித்தனம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தாய்லாந்தில் ‘ஆன்லைன் வேலை, விசா நாங்களே’ என்று யாராவது அழைத்தால் பதிலே பேசாதீர்கள். 2022இல் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீண்ட தமிழ்ப் பிள்ளைகள் இப்படித்தான் போனார்கள்.

எந்த நாடானாலும் ஃபைலில் உயிர்நாடி ஒரே காகிதம்தான். இந்தியாவுக்கு வெளியே இருந்து நீங்கள் வேலை செய்ய எங்களுக்குச் சம்மதம் என்று உங்கள் நிறுவனம் தரும் கடிதம். லெட்டர்ஹெட்டில், சம்பளமும் ஒப்பந்தக் காலமும் எழுதி, பெயரோடு ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பல நிறுவனங்கள் வரிச் சிக்கலுக்கும் தரவுப் பாதுகாப்புக்கும் பயந்து இதைத் தருவதில்லை. இதை எந்த ஏஜெண்டாலும் வாங்கித் தர முடியாது. முதலில் ஹெச்ஆரிடம் கேளுங்கள். மறுத்தால் மேலே படித்தது எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் வரிக் கணக்கு மாறும், ஆடிட்டரைப் பாருங்கள்.

கடைசியாக இசைகுடிமானம். இரு வீட்டாரும் கையெழுத்திட்டு, பெட்டகத்தில் வைத்துக் காக்க வேண்டிய காகிதம்தான். விசா அதிகாரிக்கு அது புரியாது. அரசுப் பதிவுச் சான்றிதழ்தான் கேட்பார். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அது தாண்டினால் இன்னும் 60 நாள் தாமதக் கட்டணத்தோடு அவகாசம் உண்டு. நான்கு மாதம் என்கிறீர்கள், ஏறக்குறைய 120 நாள் ஆகியிருக்கும். கல்யாணப் பத்திரிகையை எடுத்துத் தேதியைச் சரியாக எண்ணுங்கள். 150 நாளையும் விட்டுவிட்டால் வழியே இல்லை என்று பயப்பட வேண்டாம், இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதியலாம். ஆனால் இருக்கிற எளிய வழியை ஏன் விட வேண்டும்? பதியும்போது பெயரைக் கவனியுங்கள். ஆச்சியின் (உங்கள் மனைவியின்) ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அவர் அப்பச்சியின் (அப்பாவின்) முழுப் பெயர், சான்றிதழில் வேறு ஒன்று என்று மூன்று விதமாகக் கிடந்தால் அதைச் சரிசெய்யவே ஆறு மாதம் அலைவீர்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, எழுத்துக்கு எழுத்து பதியச் சொல்லுங்கள். ஹெச்ஆர் என்ன சொன்னாலும் சரி, இந்த வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.