பக்கத்து நாற்காலியில் போலீஸ்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

சின்ன வயதிலேயே கலிபோர்னியாவில் குடியேறிய என் சித்தி மகன், அங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் போலீஸ் வேலைக்கான இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்திருக்கிறான். இதெல்லாம் ஒரு படிப்பா? நம்மூர் பாலிடெக்னிக் மாதிரிதானே? சம்பளம் நன்றாக இருக்குமா? போலீஸுக்கு எதற்குக் கல்லூரி?

சுமதி

அன்புள்ள சுமதி,

தம்பி மேல் உங்களுக்குள்ள பாசம் தெரிகிறது. ஆனால் ‘இதெல்லாம் ஒரு படிப்பா’ என்று கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. பாலிடெக்னிக் பிள்ளைகளையும் சேர்த்தே மட்டம் தட்டிவிட்டீர்கள். இந்தப் பழக்கத்தை விடுங்கள். சம்பளம் ஊருக்கு ஊர் மாறும், அதை அவனே விசாரித்துக்கொள்வான்.

போலீஸுக்கு எதற்குக் கல்லூரி என்பதைப் பற்றி நானும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லி நகர போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வால்மர் உயர்நிலைப் பள்ளியே படிக்காதவர். அவர்தான் 1908இல் தன் ஆட்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். ஆனால் பெருங்கூட்டமாகப் போலீஸ்காரர்கள் படிக்க வந்தது அறுபதுகளின் கடைசியில். போலீஸ் மீது கறுப்பின மக்களுக்கு இருந்த கோபம் வெடித்து, லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி, நியூவார்க், டெட்ராய்ட் என்று அமெரிக்க நகரங்கள் பற்றி எரிந்த காலம். எல்லா போலீஸ்காரர்களும் பட்டதாரிகளாக வேண்டும் என்பதே இலக்கு என்றது அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கமிஷனின் 1967 அறிக்கை. மறு வருடமே சட்டம் வந்தது. கடன் வாங்கிப் படித்துவிட்டுப் போலீஸில் வேலை பார்த்தால், வருடா வருடம் கடனில் ஒரு பங்கு தள்ளுபடி. வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த கட்டணத்தில், ஷிப்ட் முடிந்து வந்து படிக்க வசதியாக இருந்தவை கம்யூனிட்டி காலேஜ்கள்தான்.

பணம் வந்த வேகத்தில் பல இடங்களில் படிப்பு கெட்டது. போலீஸ் மாணவர்களைத் தனி வகுப்பில் உட்காரவைத்து, போலீஸ்காரர்களே பாடம் நடத்தினார்கள். ரிப்போர்ட் எழுதுவதும் ரோந்து போவதுமே பாடம். குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மனும் ஒரு தேசியக் குழுவும் 1978இல் எழுதிய அறிக்கை இதைக் கடுமையாகச் சாடியது. இரண்டு வருடத்தோடு முடிந்துவிடும் போலீஸ் படிப்புகளையே படிப்படியாக மூடச் சொன்னது. சாடியது சரி. மூடச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. கோளாறு வருடக் கணக்கில் இல்லை, பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் இருக்கிறது.

அப்படி ஒரு கம்யூனிட்டி காலேஜில் நான் மாலை நேர சமூகவியல் வகுப்புக்குப் போயிருக்கிறேன். ஒரு போலீஸ்காரர் யூனிபார்மோடு நேராக டியூட்டியிலிருந்து வருவார். மேஜையும் நாற்காலியும் ஒன்றாகச் சேர்ந்த அந்த இருக்கையில் இடுப்பு பெல்ட் இடிக்கும், விளிம்பில்தான் உட்காருவார். ஒருநாள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு கறுப்பின அம்மா, பள்ளி விட்டு வந்த தன் மகனைப் போலீஸ் நிறுத்திச் சோதித்ததைச் சொன்னார். போலீஸ்காரர் குறுக்கே ஏதோ விதியைச் சொல்ல வாயெடுத்தார். “அவர் முடிக்கட்டும்” என்றார் ஆசிரியை. அந்த அம்மா முடிக்கும்வரை போலீஸ்காரர் கேட்டார். ஸ்டேஷனில் அந்த அம்மாவை அவ்வளவு நேரம் பேசவிட்டிருப்பார்களா? பரீட்சை நேரத்தில் இரண்டு பேரும் ஒரே நோட்டை வைத்துப் படித்தார்கள்.

சான்றிதழ் மட்டும் போதும் என்று நான் சொல்லவே இல்லை. போலீஸ் உரிமம் வாங்க இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு கட்டாயம் என்று வைத்திருக்கும் மாநிலம் மினசோட்டா. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் 2020இல் போலீஸ்காரரால் கொல்லப்பட்டது அங்கேதான். அதனால்தான் யாரோடு உட்கார்ந்து படித்தார்கள் என்று விடாமல் கேட்கிறேன்.

தம்பியிடம், போலீஸ் பாடங்களுக்கு வெளியே என்ன எடுத்திருக்கிறான் என்று கேளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அடுத்த செமஸ்டரில் சமூகவியலோ ஸ்பானிஷோ, மாலை வகுப்பாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நான்கு வருடப் பட்டத்துக்கு மாற நினைத்தால் எந்தெந்தப் பாடம் செல்லும் என்று கல்லூரி கவுன்சலரிடம் இப்போதே கேட்டு வைக்கட்டும்.