எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள்

கேள்வி: காரைக்குடி பக்கம் போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு உதவி ஆய்வாளராக) இருக்கிறேன். சம்பவ இடத்தில் கண்டதைப் பதிந்து நான் எழுதும் மகஜரை ஆய்வாளர் திருப்பித் தருகிறார். பெரியவர்கள் கூட்டத்தில் சைபர் மோசடி பற்றிப் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இந்த வயதில் இதெல்லாம் வருமா?

பதில்: கட்டாயம் வரும். இரண்டுக்கும் பயிற்சி ஒன்றுதான்: எழுதியதை வாய்விட்டுப் படிப்பது. வாய்மொழிப் புகாரை எழுதி, புகார்தாரருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கச் சொல்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173-ஆவது பிரிவு. அவசரத்தில் இதைச் சடங்காக்கிவிடாதீர்கள். நிதானமாகப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே தம்பி" என்று ஆச்சி குறுக்கிட்டால், அங்கே உங்கள் சொல் நுழைந்திருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள்.

மகஜரில் பலரும் தடுக்கி விழுவது இங்கே: "பின்பக்கக் கதவை உடைத்து உள்ளே புகுந்து திருடியது தெரியவருகிறது." நம் ஊர் வளவு வீடுகள் (செட்டிநாட்டுப் பெரிய வீடுகள்) பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. எது பின்பக்கம்? இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டாம் கட்டு முற்றத்தைத் தாண்டி மேற்குத் தெருவைப் பார்த்த மரக்கதவு. உள்தாழ்ப்பாள் பெயர்ந்து தரையில் கிடக்கிறது. பூட்டில் சேதமில்லை." கண்ணால் கண்டது மட்டும். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பது 2024 ஜூலை 1 முதல் கட்டாயம். வீடியோவில் ஒன்று, தாளில் ஒன்று என்றால் குறுக்கு விசாரணையில் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்தான்.

மேடைக்கு வருவோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருப்பவர்கள் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். மிரட்டி ஒரு போன் வந்தால் அருகில் கேட்க ஆளில்லாதவர்கள். அதனால் வரவேற்புரை அடுக்காமல் முதல் வரியிலேயே சொல்லுங்கள்: "போலீஸ் யாரையும் வீடியோ காலில் கைது செய்யாது." அடுத்தது: "பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்." பிறகு பெயர் சொல்லாமல் ஒரே ஒரு வழக்கை விவரியுங்கள். கையில் துண்டுச்சீட்டு போதும். முந்தின இரவு செல்போனில் பதிந்து கேளுங்கள், சட்டப் பிரிவுகளை அடுக்கும் இடத்தை வெட்டுங்கள்.

தமிழறிஞர் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழா பங்குனியில் நம் ஊரிலேயே நடக்கிறது. மஃப்டியில் போய் உட்காருங்கள். ஒரு பாட்டைச் சொல்லிவிட்டுப் பேச்சாளர் எவ்வளவு நேரம் நிறுத்துகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

பேச்சில் பாதி நேரத்தைக் கேள்விக்கு விடுங்கள். தங்களுக்கு வந்த போனைப் பெரியவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். அதில் ஒரு புகாரே இருக்கலாம். நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும்.