டவுன் சிண்ட்ரோம் குழந்தையைப் பற்றிய 'தி மெமரி கீப்பர்ஸ் டாட்டர்' நாவலைப் படிக்கலாமா? அதில் வரும் புறக்கணிப்பு உண்மையா, மிகையா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டிலோ நெருங்கிய சொந்தத்திலோ அப்படி ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வெறும் இலக்கிய ஆர்வம்தான் என்றால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்கு உதவாது. என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், அதாவது உடலின் செல்களில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் நிலை. பதின்மூன்று வயது.

கிம் எட்வர்ட்ஸின் நாவல், 2005இல் வந்தது. கதை 1964இல், அமெரிக்காவின் கென்டக்கியில், பனிப்புயல் இரவில் தொடங்குகிறது. மருத்துவர் ஒருவர் தன் மனைவிக்குத் தானே பிரசவம் பார்க்கிறார். இரட்டைக் குழந்தைகள். பையனிடம் குறையில்லை. பெண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. காப்பகத்தில் விட்டுவரச் சொல்லி நர்ஸ் கரோலினிடம் கொடுத்துவிட்டு, குழந்தை இறந்துவிட்டதாக மனைவியிடம் சொல்கிறார். கரோலினுக்கோ விட்டுவர மனம் வரவில்லை. குழந்தையோடு பிட்ஸ்பர்க் போய், ஃபீபி என்ற அந்தப் பெண்ணைத் தானே வளர்க்கிறாள்.

மனைவியிடம் சொன்ன பொய் வேண்டுமானால் கதைக்காக இருக்கலாம். காப்பகம் கற்பனை இல்லை. நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1966இல் பிறந்த தன் மகனை அப்படித்தான் விட்டார். தன் சுயசரிதையில் அவனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

ஃபீபிக்குப் பள்ளியில் இடம் கேட்டுக் கரோலின் கல்விக் குழுவோடு மல்லுக்கு நிற்கும் பகுதியில்தான் எனக்குக் கை நடுங்கியது. அங்கே இப்படிப்பட்ட குழந்தைகளின் படிப்புக்கு 1975இல்தான் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. இங்கே எனக்குச் சட்டம் கையிலேயே இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும். அந்தப் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு போனேன். முதல்வர் காபி வரவழைத்தார். மிகவும் அன்பாகப் பேசினார். "குழந்தை கஷ்டப்படுமே மேடம், எங்களிடம் லிஃப்ட் இல்லையே" என்றார். என் மகள் எனக்கு முன்னால் மாடிப்படியில் ஓடி ஏறித்தான் அந்த அறைக்கு வந்திருந்தாள்! "சரி, சேர்க்க முடியாது என்று எழுதிக் கொடுங்கள்" என்றேன். காபியோடு அன்பும் ஆறிவிட்டது. நிர்வாகத்தைக் கேட்டுப் போன் செய்வதாகச் சொன்னார்கள். போன் வரவில்லை, நான்தான் மறுபடி மறுபடி போனேன். கடைசியில் சேர்த்தார்கள், நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. உட்கார்ந்தேன். இது தொற்றுமா என்று ஒரு அம்மா என்னிடமே வந்து கேட்டார். நன்றாகப் படித்தவர்.

உடனே யாராவது "எல்லாப் பள்ளியும் அப்படியா?" என்று சண்டைக்கு வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர், நோட்டுப் புத்தகங்களை விநியோகிக்கும் வேலையை இவளிடம் கொடுத்தார். வகுப்பில் எல்லார் பெயரும் ஒரே வாரத்தில் இவளுக்குப் பாடமாகிவிட்டது. என்னை வராந்தாவிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும் அவர்தான்.

நாவலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அப்பா, அம்மா, கரோலின், கூடப் பிறந்தவன் என்று ஆளுக்கு ஆள் மனதைத் திறந்து காட்டும் கதையில், ஃபீபியின் மனதுக்குள்ளிருந்து ஒரு அத்தியாயம்கூட இல்லை. அவள் வளர்கிறாள், ஒருவனைக் காதலிக்கிறாள், கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். அதையும் மற்றவர்கள் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். என் மகளின் எதிரிலேயே "இவள் என்ன சாப்பிடுவாள்?" என்று என்னைக் கேட்கும் சொந்தக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

வாங்குவதென்றால் எழுத்தின் அளவைப் பார்த்து வாங்குங்கள். நான் வாங்கிய மலிவுப் பதிப்பில் எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. நாற்பது வயதுக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள் என்று இந்தப் பதிப்பாளர்கள் முடிவே செய்துவிட்டார்கள். விலையை மட்டும் குறைக்க மாட்டார்கள்.

கைக்குழந்தை என்றால் நாவல் பிறகு. எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தாகிவிட்டதா? இந்தக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். தைராய்டையும் பாருங்கள், அதை ஒருமுறையோடு விடாமல் அவ்வப்போது பார்க்க வேண்டும்.