மாஸ்டரின் சம்பளம்

வணக்கம் சேர்,

கல்லடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கராத்தே மாஸ்டருக்கு எழுபது வயதாகிறது. பிரச்சினை காலத்தில் பாடசாலை மண்டபம் கிடைக்காதபோது கோயில் வீதியிலும், சுனாமிக்குப் பிறகு முகாமிலும்கூட வகுப்பு நடத்தியவர். பிள்ளைகளிடம் காசு கேட்டதே இல்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து பாராட்டு விழா எடுக்கிறோம். மலருக்கு நீங்கள் ஒரு வாழ்த்துரை தர வேண்டும். ஊரில் சிலர், "ஜப்பான்காரன்ட கலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, எங்கட சிலம்படி அழியுதே" என்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

சிலம்படிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். கராத்தேயும் ஒரு காலத்தில் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் ஆசானின் முற்றத்தில், இரவில், நம்பிக்கையான சிலருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த வித்தைதான். இட்டோசு அங்கோ என்ற ஆசான் 1901இல் அதைப் பாடசாலைக்குள் கொண்டுபோனார். பிள்ளைகளுக்குத் தோதாக 'பினான்' என்று ஐந்து கட்டாக்களை, அதாவது வரிசையாகச் செய்து பழகும் அசைவுத் தொகுப்புகளை, அமைத்தார். உங்கள் மாஸ்டர் கராத்தேயின் ஷோட்டோகான் பிரிவுக்காரர் என்றால் அவற்றையே 'ஹெய்யான்' என்று பழக்கியிருப்பார். சிலம்படிக்கும் சீனடி போன்ற நம்மூர்ச் சண்டைக் கலைகளுக்கும் அப்படி யாராவது பாடத்திட்டம் போட்டுப் பாடசாலை வாசலில் நின்றால் நானும் கூட வருகிறேன். கராத்தே வகுப்பை மூடினால் சிலம்படி தளிர்த்துவிடுமா என்ன? மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளிடம், அமெரிக்கப் பாதிரியாரின் பெயரில் நமக்கொரு மைதானமா என்று யாரும் கேட்பதில்லையே.

எனக்கு உறுத்துவது உங்கள் கடிதத்தின் இன்னொரு வரி. "காசு கேட்டதே இல்லை." இதைப் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஷோட்டோகானின் மூலவர் ஃபுனகோஷி கிச்சின் ஒரு பள்ளி ஆசிரியர். சம்பளம் போதாத நாட்களில் அவருடைய மனைவி துணி நெய்து வீட்டை ஓட்டினார். 1922இல், ஐம்பது வயது தாண்டிய பிறகு, டோக்கியோவில் கல்வி அமைச்சு நடத்திய ஒரு நிகழ்ச்சியில் கராத்தே செய்து காட்டப் போனார் ஃபுனகோஷி. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, தன் ஜூடோப் பள்ளியான கொடோகானிலும் செய்து காட்டச் சொன்னார். இன்னும் சிலர் கேட்டார்கள். ஊர் திரும்ப நினைத்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ஒக்கினாவா மாணவர்களின் விடுதியொன்றில் இடம் கிடைத்தது. பகலில் கூட்டுவதும் தோட்டம் பார்ப்பதும் காவல் இருப்பதும், பிறகு வகுப்பு. சாப்பாட்டுக் கணக்கில் கொஞ்சம் குறைக்கச் சொல்லி விடுதிச் சமையல்காரருக்கே கராத்தே பழக்கினார் என்றால் பாருங்கள். மனைவியோ முன்னோர் சமாதிகளை விட்டு வரமாட்டேன் என்று ஊரிலேயே இருந்துவிட்டார். பிரிவு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

மாஸ்டர் இலவசமாகத் தந்தார் என்றால், அந்தச் செலவை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணாக இருக்கும். உங்கள் மாஸ்டரின் வீட்டுக்குள் நான் எட்டிப் பார்த்ததில்லை. நீங்கள் போய்க் கேளுங்கள். வகுப்பு நடந்த மாலைகளில் கடைக்கு யார் போனார்கள், பிள்ளைகளின் படிப்புச் செலவு எங்கிருந்து வந்தது என்று கேட்டு மலரில் எழுதுங்கள். யார் யார் எந்தப் பதக்கம் வாங்கினார்கள் என்பது ஒரு பக்கத்துக்குப் போதும்.

பழைய மாணவர்களில் கனடாவிலும் சுவிஸிலும் இருப்பவர்கள் தங்கள் பிள்ளைகளின் கராத்தே வகுப்புக்கு மாதாமாதம் முணுமுணுக்காமல் கட்டுகிறார்கள்தானே? பொன்னாடைக்கும் மேடைக்கும் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை மாஸ்டரின் பெயரில் வங்கியில் போடுங்கள். இப்போது அவருக்குப் பதிலாக வகுப்பெடுக்கிற மூத்த மாணவருக்கும் சம்பளம் ஒன்று பேசி முடியுங்கள். அவரும் கூச்சப்பட்டு வேண்டாம் என்பார், விடாதீர்கள். கட்ட முடியாத பிள்ளைக்குக் கட்டணக் கழிவு கொடுப்பது வேறு விஷயம்.

வாழ்த்துரை கட்டாயம் தருவேன். ஆனால் மாஸ்டரின் மனைவியின் பெயரும் அதில் வர வேண்டும். அதையும், மலர் அச்சுக்குப் போகும் திகதியையும் அறியத் தாருங்கள்.