மெயின் சுவிட்சை ஏன் அணைத்தார்?

கேள்வி: மலேசியாவில், கிள்ளானில் கடைவரிசை ஒன்றுக்கு சப்-கண்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன். இரவில் ஸ்லாப் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது வாரண்ட் எதுவும் காட்டாமல் இமிகிரேஷன் அதிகாரிகள் நுழைந்தார்கள். பதற்றத்தில் என் சூப்பர்வைசர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். இருட்டில் ஓடிய வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். 9 பேரைப் பிடித்துப் போனார்கள். எல்லாருமே ஏஜெண்ட் அனுப்பிய ஆட்கள். போட்டிக் கம்பெனிக்காரர்தான் காட்டிக்கொடுத்தார். மெயின் கண்ட்ராக்டர் பில் பணத்தை நிறுத்திவிட்டார். அதிகாரிகள் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: காட்டிக்கொடுத்தவர் யாராக இருந்தாலும் வழக்கில் அதற்கு இடமில்லை. வாரண்ட் கேட்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றுவது அமெரிக்கச் சட்டம். இங்கே 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 51ஆம் பிரிவுப்படி அதிகாரி வாரண்ட் இல்லாமலே இடத்தில் நுழைந்து தேடலாம். அதிகாரிகள் மேல் வழக்கு என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். பில் பணம் தனிக் கணக்கு, பிறகு பார்க்கலாம்.

உங்களைச் சிக்க வைப்பது அந்த மெயின் சுவிட்ச்தான். ஆட்கள் தப்பிக்க அணைத்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், அரசு ஊழியரின் கடமைக்குத் தடை. தண்டனைச் சட்டம் 186ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘பாதுகாப்புக்காக அணைத்தோம்’ என்ற பதில் எடுபடாது, ஏனென்றால் சாரத்தில் ஆள் நிற்கும்போது விளக்கை அணைப்பதைப் பாதுகாப்பு என்று டோஷ் (வேலையிடப் பாதுகாப்புத் துறை) அதிகாரி யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதே செயல் 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவிலும் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். 2024 ஜூன் 1 முதல் அதன் அபராத உச்சவரம்பு 500,000 ரிங்கிட்.

சோதனை வரும்போது சைட்டை நிறுத்தவே கூடாதா என்றால், தாராளமாக நிறுத்தலாம். வேலையை நிறுத்துவது குற்றமில்லை. ஆளை ஒளித்தாலும், ஓடச் சொன்னாலும் குற்றம். தீ, இடிமழைக்கு அடிக்கும் அதே சைரன், அதே நடைமுறை, அதே கூடுமிடம் என்றிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ‘ஓப்ஸ் (சோதனை) வந்துடுச்சு’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட ஒரு வரி போதும், உங்கள் பாதுகாப்புக் கதை முழுவதும் போய்விடும். அந்த மெசேஜ் யார் போனிலாவது இருந்தால் அழிக்காதீர்கள். அழித்தால் இன்னொரு குற்றம்.

நிறுத்தும் வரிசையும் முக்கியம். விளக்கும், குழியில் ஓடும் தண்ணீர்ப் பம்பும் கடைசிவரை ஓட வேண்டும். கிரேனில் பாரம் தொங்கினால் முதலில் தரையில் இறக்கி, கொக்கியை மேலே ஏற்றி, காற்றோடு கிரேனின் நீண்ட கை சுழலும்படி விட்ட பிறகே மின்சாரத்தை எடுக்கலாம். ஆளையும் பொருளையும் ஏற்றும் ஹோய்ஸ்ட் தரைக்கு வர வேண்டும். வெல்டிங், கட்டிங் நடந்தால் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். கான்கிரீட்தான் தலைவலி. பாதி ஸ்லாப்பில் கண்ட இடத்தில் விட்டால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாத கோல்ட் ஜாயிண்ட் விழும். பம்புக் குழாயில் நின்றால் இறுகிக்கொள்ளும். அதனால் சூப்பர்வைசர் மறைவாக நிற்காமல் நேராகத் தலைமை அதிகாரியிடம் போய், ‘கிரேனில் பாரம் இருக்கிறது, பம்பில் கான்கிரீட் இருக்கிறது, ஆபரேட்டரைக் கொஞ்ச நேரம் விடுங்கள், நான் கூடவே நிற்கிறேன்’ என்று கேட்க வேண்டும். கேட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் சைட் டயரியில் எழுத வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டாலும் அந்தக் குறிப்பு உங்களைக் காக்கும். பிறகு தலைகளை எண்ணுங்கள். சாரத்திலும் குழியிலும் ஆள் யாரும் இல்லை என்று அதிகாரிக்கும் சொல்லுங்கள்.

இனி அந்த 9 பேர். பாஸ் (குடிநுழைவு அனுமதி) இல்லாதவரை வேலைக்கு வைத்தால் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவில் தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் என்றால் கணக்கே மாறும்: 6 மாதத்துக்குக் குறையாத, 5 ஆண்டு வரையிலான சிறையும், 6 வரை பிரம்படியும். 9 பேரில் எத்தனை பேருக்குச் செல்லுபடியாகும் பாஸ் இருந்தது என்பதை முதலில் சரிபாருங்கள். ‘ஏஜெண்டின் ஆட்கள்’ என்பது 55பி-க்கு ஒருவேளை உதவலாம். ஆனால் இடத்தைக் கட்டுப்படுத்துபவர் அவர்களை அங்கே இருக்க விட்டார் என்பதே அதே சட்டத்தின் 55ஈ பிரிவுக் குற்றம். அங்கே அந்த வாதம் தனியாக நிற்காது.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் விழும் குழி இதற்குப் பிறகுதான் இருக்கிறது. முதல் நாளே போய், ‘எல்லாரும் என் பையன்கள்தான், பெர்மிட் போட இருந்தேன்’ என்று நல்லெண்ணத்தில் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியம், முதலாளி நான் என்ற ஒப்புதல். இன்னும் மோசம், ஏஜெண்டோடு உட்கார்ந்து பழைய தேதியில் ஒப்பந்தம் தயாரிப்பது. பொய்ச் சாட்சியம் உருவாக்கிய குற்றமும் சேர்ந்துகொள்ளும். உண்மையான பில், சம்பளப் பட்டியல், ஏஜெண்டுக்குப் போட்ட பேங்க் பரிமாற்றம், இருப்பதை இருக்கிறபடியே எடுத்து வையுங்கள். வாக்குமூலத்துக்கு வக்கீலோடு போங்கள். அவர்களுடைய பாஸ்போர்ட் உங்கள் மேசையில் இருந்தால் இன்றே வக்கீல் மூலம் ஒப்படையுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி தனிக் குற்றம்.

கால் முறிந்தவர் விஷயத்தில் சமரசம் செய்யுங்கள், இழுக்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கும் சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்பீடு) உண்டு. அவருக்குப் பணம் கட்டியிருந்தால், ‘முதலாளி மேல் சிவில் வழக்கு இல்லை’ என்ற சொக்சோ சட்டத்தின் 31ஆம் பிரிவு உங்களைக் காக்கும். கட்டவில்லை என்றால் அந்தக் கவசம் இல்லை. அவர் ஊருக்கு அனுப்பப்பட்டாலும் வக்கீல் வைத்து வழக்கை நடத்தலாம். மருத்துவச் செலவையும், வேலை செய்ய முடியாத காலத்தின் சம்பளத்தையும் கொடுத்து எழுத்தில் முடியுங்கள். அந்த ஒப்பந்தத்தில் அவர் வாக்குமூலத்தைத் தொடும் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. சாட்சியை விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும். மெயின் கண்ட்ராக்டரிடமும் நிறுத்திய பில்லில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முடியுங்கள். கோர்ட்டில் அவர் முதலில் எடுத்து வைக்கப்போவது அந்த 9 பேரின் பட்டியலைத்தான்.

எலும்பு முறிவை டோஷுக்கு உடனே தெரிவித்து, 7 நாளுக்குள் ஜேகேகேபி 6 என்ற விபத்து அறிக்கைப் பாரம் அனுப்பியிருக்க வேண்டும். இமிகிரேஷனுக்குத் தெரியும் என்பதால் டோஷுக்குத் தெரிவித்ததாக ஆகாது. இன்னும் அனுப்பவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.