ஆறாவது விரல்: வாசகர் கேள்விகளுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் அக்காவின் பதில்கள்

கேள்வி: 'ஜுவல் தீஃப்' இந்திப் படத்தில் தேவ் ஆனந்துக்கு இரட்டை வேடமா, இல்லையா? ஒரு வாரமாக எனக்கும் மாமியாருக்கும் இதே வாக்குவாதம்.
– கூலிம் வாசகி

பதில்: ஒரே வேடம்தான். ஜெயித்தது மாமியார் என்றால் என்மேல் கோபப்படாதீர்கள். படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

விஜய் ஆனந்த் 1967-இல் எடுத்த படம். போலீஸ் கமிஷனர் மகன் வினய், நகை பார்ப்பதில் கெட்டிக்காரன். நகை வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்கிறான். போகிற இடமெல்லாம் அவனை 'அமர்' என்று கூப்பிடுகிறார்கள். ஒரு விருந்தில் வைஜெயந்திமாலா வந்து, எனக்கு நிச்சயமான மாப்பிள்ளை இவர்தான் என்கிறார். அவருக்கு அண்ணனாக வரும் அசோக் குமாரும் விடுவதாக இல்லை. அமருக்குக் காலில் ஆறு விரல் என்று பேச்சு வருகிறது. அத்தனை பேர் முன்னாலும் வினய் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உருவிக் காட்டுகிறான். ஐந்துதான்.

நாம் ஏமாறுவது அந்த இடத்தில்தான். இவனுக்கு ஐந்து என்றதுமே, ஆறு விரல்காரன் வேறெங்கோ இருக்கிறான் என்று நாமே இன்னொரு தேவ் ஆனந்தை மனசுக்குள் உண்டாக்கிக்கொள்கிறோம். அதே முகத்தோடு அப்படி ஒருவன் கிடையவே கிடையாது. வினய் தலையில் பழியைக் கட்ட உண்மைத் திருடன் கிளப்பிவிட்ட கதை அது. அந்தத் திருடன் வேறு யாருமில்லை, அண்ணன்தான். அசோக் குமார் முகத்தைப் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

எங்கள் தோட்டத்து மண்டோர் (வேலையாட்களை மேய்க்கும் கங்காணி), இரட்டை வேடம்தான் என்று இடைவேளையில் ஒரு தட்டு மீ கோரிங் (வறுத்த நூடுல்ஸ்) பந்தயம் கட்டினார். படம் விட்டு லோரியில் திரும்பும்போது வாயே திறக்கவில்லை. மீயும் வாங்கித் தரவில்லை.

கேள்வி: இந்தி தெரியாமல் அந்தப் படம் எப்படிப் புரிந்தது?
– பீடோர் வாசகர்

பதில்: பாதி புரியவில்லை. கதை கடைசியில் ஏன் சிக்கிம் தலைநகர் கேங்டாக்குக்குப் போகிறது, அங்கே இளவரசர் எங்கிருந்து வந்தார் என்றெல்லாம் குழம்பினேன். 1975 வரை சிக்கிம் மன்னர் ஆண்ட நாடு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் லதா மங்கேஷ்கர் பாட, வைஜெயந்திமாலா சுழன்று ஆடும் அந்தப் பாட்டில், வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் சொல்லத் தவிக்கிறார் என்பது பதினோரு வயதுப் பிள்ளைக்கே புரிந்தது. திருவல்லிக்கேணியில் பிறந்து பரதம் படித்தவர் அல்லவா!

கேள்வி: ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் ஏன் முதலில் வேலைக்காரியையே சந்தேகப்படுகிறார்கள்? எனக்கு அப்படி நடந்துவிட்டது. மூன்றாம் நாள் வளையல் அவர்கள் காரிலேயே கிடைத்தது.
– பெயர் வேண்டாம், ஈப்போ

பதில்: தங்கச்சி, வெளியிலிருந்து உள்ளே வருகிறவள் அவள் ஒருத்திதானே, அதனால்தான். சொந்தக்காரரைக் கேட்டால் உறவு முறியும். வேலைக்காரியைக் கேட்டால் என்ன போகும் என்று நினைக்கிறார்கள்.

என் அம்மா ஒரு துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தாள். ஒருநாள் துரைசானியின் மோதிரத்தைக் காணவில்லை. யாரும் 'திருடி' என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார்கள், அவ்வளவுதான். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சமையலறை மேசையில் கொட்டினாள். இரண்டு வெற்றிலை, ஒரு துண்டுப் பாக்கு, நாற்பது காசு. சாயங்காலம் மோதிரம் கிடைத்தது. குளியலறையில் ஈரச் சவர்க்காரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

பிறகு ஒரு வருஷம் கழித்துத்தான் அந்தப் படம் எங்கள் ஊருக்கு வந்தது. தேவ் ஆனந்த் காலைக் காட்டியபோது கொட்டகையே கைதட்டியது. அம்மா தட்டவில்லை. "ஐயா வீட்டுப் பிள்ளை, காட்டினதும் நம்பிட்டாங்க" என்றாள்.

உங்களிடம் மன்னிப்பாவது கேட்டார்களா? அம்மாவுக்கு அன்று ஒரு டின் பிஸ்கட் கொடுத்தனுப்பினார்கள். மறுநாளும் அவள் வேலைக்குப் போனாள். முந்தானையில் முடிச்சுப் போடுவதை மட்டும் விட்டுவிட்டாள். வெற்றிலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போவாள்.