ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் நாடகம், கச்சேரி, சொற்பொழிவு எங்கே எப்போது நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாற்றலாகி மண்டபம் வந்து பல மாதமாகியும் ஒரு நிகழ்ச்சிகூடக் கண்ணில் படவில்லை, டிக்கெட் பதிவு செய்யும் செயலிகளில் மதுரைக்கு இந்தப்புறம் ஒன்றுமே காட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். செயலியில் தேடினால் கிடைக்காதுங்க. இங்கே பெரும்பாலான மேடைகளுக்கு டிக்கெட் கிடையாது. கோயிலிலோ தர்காவிலோ மாதா கோயிலிலோ கொடி ஏறினால் அந்த ஊரில் மேடை போடுவார்கள், செலவு யாராவது ஒருவருடைய உபயமாக இருக்கும், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது திருவிழா நோட்டீஸ்.

ராமநாதபுரம் பேருந்து நிலையம், உச்சிப்புளி, சாயல்குடி, தேவிபட்டினம் போகிற சாலையில் இருக்கும் டீக்கடைகள், சலூன்கள் எல்லாவற்றிலும் ஒட்டியிருப்பார்கள். மேலே காப்புக்கட்டு தேதி இருக்கும், கீழே ஒவ்வொரு நாளுக்கும் இரவு நிகழ்ச்சி. "இரவு 10 மணியளவில்" என்று போட்டு நடிகர்களின் படங்கள் வரிசையாக இருந்தால் அது நாடகம். அந்தத் தாளைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

நாடகம் என்றால் இங்கே வள்ளி திருமணம்தான் முதலில். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்தவர். அவர் எழுதி வைத்த பாடல்கள் இன்றைக்கும் ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய மேடையேறுகின்றன. பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திர மயான காண்டம் எல்லாம் உண்டு, ஆனால் பத்து நோட்டீஸ் பார்த்தால் பாதிக்கு மேல் வள்ளியாகத்தான் இருக்கும். இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) புதுக்கோட்டையிலிருந்து, பபூன் (கோமாளி) இன்னொரு ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் வேறொரு ஊரிலிருந்து. தனித்தனியாகத் தேதி கொடுத்து அன்றைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் சந்தித்துக்கொள்வார்கள். ஒத்திகை இல்லை. கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும், மீதி அங்கேயே உருவாகும். இதை முதல் தடவை கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், நேரில் பார்த்தால்தான் எவ்வளவு பெரிய திறமை என்று புரியும்.

ஒரு விஷயம் முக்கியம். பத்து மணிக்குப் போய் பபூன் காமெடியும் டான்ஸும் பார்த்துவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள், நிறைய வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நாடகத்தின் உயிர் அதற்கப்புறம் வருகிற தர்க்கத்தில், அதாவது வாதப் போட்டியில் இருக்கிறது. முதலில் நாரதருக்கும் வள்ளிக்கும், பிறகு வேடனாக வந்த முருகனுக்கும் வள்ளிக்கும். கேள்வி வசனமாக வரும், பதில் பாட்டாக வரும், எதிராளி என்ன கேட்பார் என்பது இருவருக்குமே முன்கூட்டித் தெரியாது, நல்ல ஸ்திரீபார்ட் ஒருவர் பிடித்துக்கொண்டால் ராஜபார்ட் திணறுவதை மிருதங்கக்காரர்கூடச் சிரித்துக்கொண்டே பார்ப்பார். அந்த நேரத்தில் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் எழுந்துபோய் அன்பளிப்புக் கொடுப்பார்கள், பெயரை மைக்கில் வாசிப்பார்கள். கிழவனாக முருகன் வந்து கல்யாணம் முடிவதற்குள் விடிந்துவிடும்.

பங்குனி தொடங்கி ஆடி, ஆவணி வரை இதற்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை என்பதால் திறந்தவெளி மேடை குறைவு. மீனவ ஊர்களின் தேதியை மட்டும் வெளியிலிருந்து கணிக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆள் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. நாட்டுப்படகு ஊர்களுக்கு அந்தத் தடை கிடையாது, அவர்கள் கணக்கு வேறு. அங்கே நேரில் கேட்பதுதான் வழி. பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை வானொலியையும் (90.4) போட்டு வையுங்கள், ஊர்ச் செய்திகள் காதில் விழும்.

ஆடலும் பாடலும் என்று பெரிய ஃப்ளெக்ஸ் நிறையப் பார்ப்பீர்கள். சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற நிகழ்ச்சி, காவல்துறை அனுமதி வாங்கி நடக்கும். கூட்டம் கூடும், பிடித்தால் போங்கள். ஆனால் ஒரே இரவில் ஒரு ஊரில் அதுவும் பக்கத்து ஊரில் நாடகமும் இருந்தால் நாடகத்துக்குப் போங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். கமிட்டியில் இளைஞர்கள் கை ஓங்கினால் முதலில் வெட்டுப்படுவது நாடகச் செலவுதான், முன்னால் பாயில் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் அடுத்த வருஷமும் அந்த உபயம் நிற்கும்.

மண்டபத்திலிருந்து பாலத்தைத் தாண்டினால் பாம்பன், அடுத்து தங்கச்சிமடம். அங்கே வேர்க்காடு சந்தியாகப்பர் ஆலயத் திருவிழா ஜூலையில், எல்லா மதத்தாரும் வருவார்கள். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா இஸ்லாமிய மாதமான துல்கஅதாவில், பெரியபட்டினத்திலும் சந்தனக்கூடு உண்டு. ஹிஜ்ரி கணக்கு வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும் என்பதால் போன வருஷத் தேதியை நம்பாமல் விசாரியுங்கள். இஸ்லாமியப் பாடல் கச்சேரி கிடைத்தால் விடாதீர்கள், நாகூர் ஹனிபா பிறந்த மாவட்டம் இது, அந்தப் பாட்டுகளை இங்கே கூட்டமே சேர்ந்து பாடும். கீழக்கரை, தொண்டிப் பக்கம் ரபீஉல் அவ்வல் மாதத்தில் மீலாது (நபிகள் பிறந்தநாள்) மேடைகளில் நல்ல பேச்சாளர்கள் வருவார்கள்.

சொற்பொழிவு என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். இந்தக் கரை அதற்குப் பழையது, 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியதும் ராமேஸ்வரம் கோயிலிலேயே பேசியிருக்கிறார். இப்போதைக்கு உங்களுக்கு உறுதியாகக் கிடைப்பது மாவட்ட நிர்வாகம் ராமநாதபுரத்தில் நடத்தும் புத்தகத் திருவிழா. மாலையில் தினமும் ஒருவர் பேச்சு, சில நாள் பட்டிமன்றம். என்னைக் கேட்டால் பட்டிமன்ற நாளைவிட எழுத்தாளர்கள் பேசுகிற வார நாள்தான் நல்லது, இடம் கிடைக்கும், பேசி முடித்தவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசவும் முடியும். தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கிளைகள் கலை இலக்கிய இரவு நடத்தினால் பறை, வீதி நாடகம், பேச்சு எல்லாம் ஒரே மேடையில் பார்க்கலாம். மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டம் பற்றி அங்கேயே கேளுங்கள்.

மற்றபடி நவராத்திரிக்கு ராமநாதபுரம் அரண்மனை ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில், மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை, ஆடியில் ராமேஸ்வரம் திருக்கல்யாணம். இவை உங்களுக்கே தெரிந்திருக்கும். முளைப்பாரி மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்மன் கோயில் ஊர்களில் பாரி வளர்க்கிற அந்த நாட்களில் ராத்திரி பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவார்கள், ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நோட்டீசில் இது ஒரு வரியாகக்கூட இருக்காது. தெரிந்த குடும்பத்தோடு போங்கள், முன்னால் போய் போன் நீட்டிப் படம் எடுக்காதீர்கள்.

நாடகத்துக்குப் போகும்போது ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், கடற்காற்றுக்கு மூன்று மணிக்கு மேல் சித்திரையிலும் குளிரும். உள்கிராமங்களுக்கு ராத்திரி திரும்ப பஸ் இருக்காது, பைக் இல்லையென்றால் காலையில் முதல் பஸ்ஸில்தான் வர முடியும். கிளம்புவதற்கு முன்னால் நோட்டீசில் இருக்கும் கமிட்டி எண்ணுக்கு ஒரு போன் போட்டு அன்றைக்கு நாடகம் உண்டா என்று கேட்டுவிடுங்கள், ஊரில் ஒரு துக்கம் என்றால் தேதி தள்ளிப்போகும். போன் எடுக்கிறவர் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே வரச் சொல்வார்.